தலையைப் பிடித்தவள்

எங்கள் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருக்கிறது. நெருப்பெரிச்சல் ரோட்டில், கட்டிங் செக்‌ஷனுக்குப் பின்னால், முன்பு நூல் கோன் அடுக்கி வைத்திருந்த அறை அது. பச்சைப் பெயின்ட் அடித்து, சுவரில் ஒரு யானையும் இரண்டு முயலும் வரைந்து வைத்திருக்கிறார்கள். யானையை வரைந்தவன் பாதியில் டீ குடிக்கப் போய்விட்டான் போலிருக்கிறது, அதற்கு இன்றுவரை தும்பிக்கை கிடையாது. பொம்மைகள் நிறைய உண்டு, எல்லாம் பாலிதீன் கவருக்குள். ஆடிட் நடக்கும் நாளில் கவரைக் கழற்றுவோம், சாயங்காலம் திரும்பப் போட்டுவிடுவோம்.

நான் மருதம்மாள், இந்தக் காப்பகத்தின் பொறுப்பாளர். நான் படித்த இரண்டு வருட நர்ஸிங் படிப்பின் சான்றிதழை லேமினேட் செய்து கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு என் போட்டோ. நாங்கள் தைக்கும் பனியனை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் படித்த ஆள் இருக்க வேண்டும் என்று விதி போட்டு, அதைச் சோதிக்க ஆடிட்டரையும் அனுப்புகின்றன. அந்தப் படித்த ஆள் நான். அதனால் மே மாத வெயிலிலும் கோட்டைக் கழற்றக் கூடாது. லைனில் தைக்கும் பெண்களுக்கு நான் "நர்ஸ் அக்கா". கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். சொன்னால் எவளும் கேட்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ரித்தீஷுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. இரண்டு வயதுப் பையன். பத்து மணிக்குள் நான்கு தடவை, தண்ணீராக. அவனைத் தனியாகப் படுக்கவைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துவிட்டு, நேராக அருள்குமாரிடம் போனேன். அருள்குமார் எங்கள் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். ஆடிட்டர் வரும்போது எல்லாம் சரியாக இருப்பது போலக் காட்டுவதுதான் அவருடைய உத்தியோகம். முப்பது வயது இருக்கும். பெல்ட்டில் மூன்று சாவிக் கொத்து.

"சார், ரித்தீஷுக்கு வயித்தால போகுதுங்க. வைரஸ் மாதிரி இருக்குது. கையில பட்டு வாய்க்குப் போனா போதும், ஒரே நாள்ல எல்லாக் கொழந்தைக்கும் வந்துருமுங்க. ஒரு வாரம் காப்பகத்தை மூடீரலாமுங்க."

"வெள்ளிக்கெழம ஆடிட்டுங்க்கா" என்றார்.

"தெரியுமுங்க."

"ரெஜிஸ்டர்ல பதினாலு கொழந்தை இருக்குது. பதினாலும் இருக்கோணுமில்லீங்களா? வேணும்னா ஒரு சானிடைசர் பாட்டில் தரச் சொல்றேன்."

இந்த வைரஸுக்கு சானிடைசர் பெரிதாக ஒன்றும் செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும், தரையைத் துடைக்கப் பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார். மலை மலையாகத் துணியை வெளுத்துத் தள்ளும் திருப்பூரில், எங்கள் காப்பகத்துக்கு மட்டும் ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர் கடைசிவரை வரவில்லை. சானிடைசர் வந்தது. மாம்பழ வாசனை.

செவ்வாய்க்கிழமை மூன்று குழந்தைகள். அம்மாக்கள் ஒவ்வொருத்தியாக வந்து கேட் பாஸ் கேட்டார்கள். எதற்கு? ஆஸ்பத்திரிக்கா? அதெல்லாம் இல்லை. தொக்கம் எடுக்க.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு வாந்தி வந்தாலும் வயிற்றால் போனாலும் தொக்கம் என்பார்கள். தின்றது ஏதோ உள்ளே ஒட்டிக்கொண்டதாம். அதை எடுப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. தொண்டைக்குழியில் ஒரு குழலை வைத்து உறிஞ்சுவார்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவுவார்கள், பிறகு உள்ளங்கையில் எதையாவது காட்டுவார்கள். ஒரு சோற்றுப் பருக்கை, ஒரு துண்டு முறுக்கு, சில நாள் வாழைப்பழ நார். அந்த முறுக்கு குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததா, எடுத்தவரின் கடைவாயிலிருந்து வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பல்லே முளைக்காத பிள்ளையின் வயிற்றிலிருந்து முறுக்கு வந்ததைக் கூட நான் பார்த்திருக்கிறேன். தாய் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஆடிட் வாரம் என்றால் ஷிப்மென்ட்டும் இருக்கும். லைனிலிருந்து மூன்று பேர் வெளியே போனால் சூபர்வைசர் குதிப்பார். அருள்குமார் யோசித்தார். யோசித்தால்தான் எனக்குப் பயம். பதினொரு மணிக்கு முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அக்கா, பிரச்சனை முடிஞ்சுதுங்க. தொக்கம் எடுக்கற சிவராஜண்ணனையே இங்க வரச் சொல்லிட்டேன். எல்லாருக்கும் ஒரே தடவையா எடுத்தர்லாம். யாரும் கேட் பாஸ் கேக்க மாட்டாங்க."

"சார், அது வைத்தியமே இல்லீங்க. ஒரே கொழலு, ஒரே வெரலு. இல்லாத கொழந்தைக்கும் ஒட்டிக்குமுங்க."

"அவங்க நம்பிக்கைங்க்கா. நாம குறுக்க பேசப்படாது. நீங்க ஒரு ஓரமா கோட்டைப் போட்டுட்டு நில்லுங்க, போதும்."

சிவராஜ் டீ இடைவேளைக்குச் சரியாக ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் பித்தளைக் குழல். ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். வாங்கி வைத்துக்கொண்டு ரித்தீஷிலிருந்து ஆரம்பித்தார். குழலை வைத்தார், உறிஞ்சினார், விரலை விட்டார், உள்ளங்கையில் ஒரு பருக்கையைக் காட்டினார். குழலைச் சொம்பில் ஒரு முக்கு முக்கி அடுத்த பிள்ளைக்குப் போனார். அதே சொம்பு, அதே தண்ணீர். வயிற்றால் போகாத பிள்ளைகளையும் அம்மாக்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வந்தவர் வந்திருக்கிறார், எடுத்துவிடலாமே என்று.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்களுக்காகத்தான் நேற்றிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். நான் கரைத்துக் கொடுத்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டு, இந்த ஆளின் எச்சில் பருக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நின்றேன்.

அப்போது நசீம் பானு வந்தாள். செக்கிங் டேபிளில் வேலை செய்கிறவள், இருபத்து நான்கு வயது இருக்கும். இடுப்பில் அவள் மகள் மஹ்னூர். பதினோரு மாதம். கொழுகொழுவென்று, எதைக் கண்டாலும் சிரிக்கிற பிள்ளை. என் கோட்டுப் பொத்தானைப் பிடித்து இழுப்பது அவளுக்கு ஒரு விளையாட்டு.

"அக்கா, இவளுக்கு ஒண்ணுமில்லீங்க. நல்லாத்தான் இருக்கறா. எல்லாரும் எடுக்கறாங்க. எடுக்கோணுங்களா, வேண்டாமுங்களா?"

நான் அவளை ஏற இறங்கப் பார்த்தேன். இத்தனை பேருக்குத் தொண்டை கிழியச் சொன்னேனே, அப்போது எங்கே போனாள்? "எல்லாரும் எடுக்கறாங்க, நீயும் எடுத்துக்க. என்னைய எதுக்குக் கேக்கற?" என்றேன்.

அவள் இரண்டு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது மஹ்னூர் திமிறினாள். குழல் தொண்டையில் பட்டதும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். "யாராச்சும் தலையப் புடிங்கம்மா" என்று சிவராஜ் அதட்டினார். பக்கத்தில் நின்றது நான்தான். பிடித்தேன். சீக்கிரம் முடிந்து தொலைந்தால் போதும் என்றிருந்தது.

போகும்போது சிவராஜ் எல்லோருக்கும் பொதுவாக உத்தரவு போட்டார். "வயிறு காயோணும். போக்கு நிக்கற வரைக்கும் தண்ணி ஆகாது. மீறிக் குடுத்தீங்கன்னா நான் பொறுப்பில்ல." வயிற்றால் போகிற பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் மேதாவி. நான் குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது. திரும்பவில்லை. அருள்குமார் போட்டோ எடுத்தார். "தொழிலாளர் நலன்" என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் வைக்க.

நான் சொன்னபடியேதான் நடந்தது. புதன்கிழமை மதியத்துக்குள் ஒன்பது பிள்ளைகள். மாலையில் மஹ்னூருக்கும் ஆரம்பித்தது. முதலில் வாந்தி, பிறகு தண்ணீராகப் போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நான் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை, இப்போது அனுபவியுங்கள் என்கிற திருப்தி. பிள்ளையைத் தூக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் தண்ணி குடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னேன். சிவராஜண்ணன் ஆகாதுன்னுட்டாருங்க என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். மன்றாடவா முடியும்?

வியாழக்கிழமை நசீம் பானு லீவு போட்டாள். பிள்ளையை மறுபடியும் சிவராஜ் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். அவர் மறுபடியும் எடுத்திருக்கிறார். இந்தத் தடவை இட்லித் துண்டு. மறுபடியும் தண்ணீர் ஆகாது.

வெள்ளிக்கிழமை காலை, வீட்டில் படுத்திருந்த பிள்ளைகளையெல்லாம் அம்மாக்களோடு சேர்த்து அருள்குமார் கம்பெனி வேனை அனுப்பி அள்ளிக்கொண்டு வந்தார். பதினாலுக்குப் பதினாலு. பொம்மைகளின் கவரைக் கழற்றினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் புது டயப்பர், அதுவும் அன்றைக்கு மட்டும். மாம்பழ வாசனையில் அறை மணத்தது. அதற்கு அடியில் வேறு ஒரு வாசனையும் இருந்தது. ஜன்னலைத் திறந்து விட்டேன்.

பதினொன்றரைக்கு ஆடிட்டர் வந்தார். பெங்களூரிலிருந்து வந்த பெண், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். சான்றிதழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டோவில் இருக்கும் கோட்டும் என் மேல் இருக்கும் கோட்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டார். முதலுதவிப் பெட்டியைக் கேட்டார். அருள்குமார் சுவரில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே பஞ்சு, மருந்து, பத்து பாக்கெட் ஓ.ஆர்.எஸ். உப்பு, எல்லாம் ராணுவ அணிவகுப்பு மாதிரி. எண்ணிக்கை குறையக் கூடாது என்று பெட்டியைப் பூட்டி அரக்கு வைத்து சீல் போட்டிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் சமையலறைச் சர்க்கரையைக் கேட்டு வாங்கித்தான் கரைசல் கலக்கினேன்.

"வெரி குட்" என்றார் ஆடிட்டர். பிறகு மஹ்னூர் படுத்திருந்த பாயருகே குனிந்தார். "இந்தப் பாப்பா எவ்வளவு அமைதியாத் தூங்குது!"

அப்போதுதான் நானும் அவளைச் சரியாகப் பார்த்தேன்.

அது தூக்கமில்லை. கண் பாதி திறந்து, உள்ளே போய்க் கிடந்தது. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். எழுந்த தோல் எழுந்தபடியே நின்றது, மெதுவாகத்தான் அடங்கியது. வலியில் அழ வாயைத் திறந்தாள். சத்தமும் வரவில்லை, கண்ணீரும் வரவில்லை. டயப்பரைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் போட்டது, காய்ந்த துணியாக இருந்தது. நான்கு நாளைக்கு முன்னால் என் பொத்தானை இழுத்த கை பாயில் அசையாமல் கிடந்தது.

மேசையில் இருந்த மரப் பொம்மையை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஓங்கி அடித்தேன்.

"அக்கா! சீலு!" என்று அலறினார் அருள்குமார்.

"சீலைத் தூக்கி உங்க ஃபைல்ல வெச்சுக்குங்க சார்."

பாக்கெட்டைக் கிழித்துக் கலக்கி ஸ்பூனால் வாயில் விட்டேன். கடைவாய் வழியாக வெளியே ஓடியது. விழுங்கத் தெம்பில்லை. இனி ஸ்பூனுக்கு வேலையில்லை, ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு நடந்தேன்.

அருள்குமார் குறுக்கே வந்து காதோடு சொன்னார். "பத்து நிமிசமுங்க்கா. மேடம் அடுத்த செக்‌ஷனுக்குப் போனதும் போயிருங்க."

"தள்ளு" என்றேன். சார் எல்லாம் போய்விட்டது.

பின்னால் ஆடிட்டர் ஏதோ கேட்பதும், "ரெகுலர் செக்கப்புங்க மேடம், எல்லா வெள்ளிக்கெழமையும்" என்று அருள்குமார் சொல்வதும் கேட்டது. அந்த மனுஷனுக்கு நாக்கில் எலும்பில்லை.

செக்கிங் டேபிளிலிருந்து நசீம் பானுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வேன் டிரைவர் கேட் பாஸ் கேட்டார். நான் பார்த்த பார்வையில் வண்டியை எடுத்துவிட்டார். வேனில் நான், கையோடு எடுத்து வந்த கரைசலை மறுபடியும் ஒரு சொட்டு ஒரு சொட்டாக நாக்கில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி ஆகாதுன்னாங்களே அக்கா" என்றாள் நசீம் பானு. அழுதுகொண்டே சொன்னாள்.

"அறிவிருக்குதா உனக்கு? அந்த ஆள் சொன்னா செய்வியா? பெத்தவதானே நீ?"

அவள் என்னையே பார்த்தாள். கோபமில்லை அந்த முகத்தில். புரியாத முகம்.

"நீங்கதானக்கா தலையப் புடிச்சீங்க" என்றாள். "எனக்கு இஷ்டமே இல்லீங்க. நர்ஸ் அக்காவே புடிக்கறாங்கன்னா தப்பா இருக்காதுன்னு நெனச்சுட்டனுங்க. அவரு தண்ணி ஆகாதுன்னு சொன்னப்பவும் நீங்க அங்கதான நின்னீங்க. ஒண்ணும் சொல்லலியேங்க."

வேன் பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மாட்டி நின்றது. நான் ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டேன். குனிந்து எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. வற்றிப்போய்க் கிடந்தன. கையில் இரண்டு தடவை, காலில் ஒரு தடவை, நான்காவது தடவை பாதத்தில் ஏறியது. சலைன் சொட்டச் சொட்ட நாங்கள் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அவள் வாய் சத்தமில்லாமல் ஓதிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

மூன்று மணிக்கு அருள்குமார் போன் செய்தார்.

"அக்கா, காப்பகத்துக்கு நூத்துக்கு நூறுங்க! நீங்க கண்ணாடிய ஒடைச்சுக் கொழந்தையத் தூக்கிட்டு ஓடினீங்கல்ல, அது மேடத்துக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க. எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் சூப்பர்னு எழுதியிருக்காங்க. உங்க பேரே வருது!"

குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பெட்டிக் கண்ணாடி என்ன அளவு என்று கேட்டார். வைத்துவிட்டேன்.

நான்கரை மணிக்கு மஹ்னூர் படுக்கையை நனைத்தாள். நர்ஸ் ஈரத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் ஊசி குத்திய காலை உதறி வீலென்று அழுதாள். இரண்டு கண்ணிலும் தண்ணீர். நசீம் பானு அதைத் துடைக்கவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். சீட்டைப் படித்தார், பிள்ளையின் வயிற்றை அழுத்தினார், நிமிர்ந்து நசீம் பானுவைப் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டாவோ நோரோவோ, ஏதோ ஒரு வைரஸ். எதுவா இருந்தாலும் தண்ணிதான்மா வைத்தியம். ரெண்டு நாளா அதையே நிறுத்தி வெச்சிருக்க! இன்னும் மூணு மணி நேரம் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? யாரோ குழலை வெச்சு ஊதினானாம், அவன் பேச்சைக் கேட்டாளாம். உங்க கம்பெனியில நர்ஸ் இருக்காங்கன்னு இதுல எழுதியிருக்கே. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

இந்த வாரம் முழுக்க நான் யாரிடமெல்லாம் எப்படிப் பேசினேனோ, அச்சு அசல் அதே குரல்.

"கேட்டனுங்க" என்றாள் நசீம் பானு.

"கேட்டியா? என்ன சொன்னாங்க?"

அவள் பிள்ளையின் பாதத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை விரலால் நீவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நான்தான் அந்த நர்ஸ் என்று தெரிந்துவிடும் என்று திரும்பாமல் இருந்தாள். அறிவிருக்குதா என்று நான் கேட்டேனே, அந்தப் பெண்.

கோட்டைப் பையில் சுருட்டி வைத்திருந்தேன். வேனிலேயே கழற்றிவிட்டேன். அதனால் டாக்டருக்கு நான் யாரோ ஒரு சொந்தக்காரி. பேசாமல் இருந்திருந்தால் அவர் அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பார்.

"என்கிட்டத்தானுங்க கேட்டா" என்றேன். "அந்த நர்ஸ் நாந்தானுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன பண்ணீங்க?"

"தலையப் புடிச்சனுங்க" என்றேன்.